பிற்காலத் தொடக்கம்: மலேசியத் தமிழ் வரலாற்று நாவலும் முதுமையின் துணிவும்

முன்னுரை

கெமாஸ் ஒரு தொடர்வண்டிச் சந்திப்பு. நெகிரி செம்பிலான் மாநிலத்தின் தம்பின் மாவட்டத்தில், ஜொகூர் எல்லையை ஒட்டி அமைந்த இச்சிற்றூரில்தான் தீபகற்ப மலேசியாவின் கிழக்குக்கரைப் பாதை முதன்மைப் பாதையிலிருந்து பிரிந்து, பகாங் காடுகளின் ஊடே கிளந்தானின் தும்பாட் வரை செல்கிறது. 1931இல் முழுமைபெற்ற அப்பாதையின் ஒரு பகுதித் தண்டவாளங்களை இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம்–பர்மா இருப்புப்பாதைக்குக் கொண்டு சென்றனர். தம்பினிலிருந்து மலாக்காவுக்குச் சென்ற கிளைப்பாதையும் அக்காலத்திலேயே அகற்றப்பட்டது. ரப்பர்த் தோட்டங்களிலிருந்த தமிழரும் அதே வேலைக்காக, அதே வடதிசையில் ஏற்றிச் செல்லப்பட்டனர். கிழக்குக்கரைப் பாதையில் போருக்குப் பின் தண்டவாளங்கள் மீண்டும் இடப்பட்டன. சென்ற மனிதருள் பல்லாயிரவர் திரும்பவேயில்லை.

இப்பெருந்துயரம் மலேசியத் தமிழ் நாவலில் உரிய இடம்பெற ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' 2005இலும், கோ. புண்ணியவானின் 'கையறு' 2021இலும் வெளிவந்தன. இவர்களுள் பின்னைய இருவரும் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். 1930இல் பிறந்த ரெங்கசாமிக்கு 'நினைவுச் சின்னம்' வெளிவந்தபோது வயது 75. 1949இல் பிறந்த புண்ணியவானுக்குக் 'கையறு' வெளிவந்தபோது வயது 72. இளமையில் எட்டிப்பார்க்காத ஒரு வடிவத்தையும் பொருளையும் முதுமையில் கையிலெடுக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது, அத்துணிவு பிரதிக்குள் எவ்வாறு வெளிப்படுகிறது, திறனாய்வு அதனை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

காலத்தாழ்வின் காரணங்கள்

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. பிள்ளை வளர்ப்புக்குச் சொல்லப்பட்ட இவ்வுரை, நாளடைவில் முதியவர்க்கான தடையுத்தரவாகவே மாறிவிட்டது. ஆனால் மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஐம்பதுக்கு முன் நாவலுக்குள் வளையாமல் போனமைக்கு மனத்தளர்ச்சியைக் காட்டிலும் வலுவான புறக்காரணங்கள் உண்டு.

முதலாவது, எழுத்துக்குக் கிடைத்த களம். 1950இல் 'தமிழ் நேசன்' நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய 'கதை வகுப்பு' மலாயாவில் ஒரு தலைமுறைச் சிறுகதையாளரை உருவாக்கியது. அதன்பின் ஞாயிறு மலர்களும், 1986இல் தொடங்கிய மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் 'பேரவைக் கதைகள்' போட்டியும் சிறுகதையையே பேணி வளர்த்தன. ஒரு வார இறுதியில் எழுதி, மறு வார இறுதியில் அச்சில் காணக்கூடிய வடிவம் அது. நாவலுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டவில்லை. எழுதி முடித்த பின்னும் அச்சுச் செலவைப் பெரும்பாலும் ஆசிரியரே ஏற்கவேண்டும். வெளியீட்டு விழாவில் திரளும் நன்கொடையை நம்பியே அச்செலவை மீட்கவேண்டும். இந்நிலையில் நாவல் என்பது சேமநிதிப் பணம் கைக்கு வந்த பின்னரே எண்ணிப்பார்க்கத்தக்க முயற்சியாக இருந்தது. 2000களில் ஆஸ்ட்ரோ நிறுவனமும் மலேசியத் தமிழ் எழுத்தாளர் சங்கமும் நடத்திய நாவல் போட்டிகள் இத்தடையை ஓரளவு தளர்த்தின எனலாம்.

இரண்டாவது, பணியின் இயல்பு. தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வகுப்பறையோடு நின்றவர் அல்லர். மனு எழுதுதல், கோயில் கணக்கு, சங்கக் கூட்டம், திருமண வாழ்த்துரை என அனைத்தும் அவர் தலையில் விழும். அரசுப் பணியில் கட்டாய ஓய்வு வயது 2001 வரை 55 ஆகவே இருந்தது. அந்த வயதில்தான் பலருக்கு முதன்முறையாக நீண்ட காலைப்பொழுது வாய்த்தது.

மூன்றாவது காரணமே முதன்மையானது. சயாமுக்குச் சென்று மீண்டவர்களும், அவர்களை இழந்தவர்களும் அது குறித்து வாய் திறக்கவில்லை. நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாத ஒப்பந்தம் என ஆசை காட்டி அழைக்கப்பட்டோர் ஒரு பகுதியினர். இலவசத் திரைப்படம் என்று திரட்டி, அரங்கக் கதவை அடைத்து, லாரியில் ஏற்றப்பட்டோர் மற்றொரு பகுதியினர். பெயர்ப்பட்டியல் கொடுத்தவர்களுள் தோட்டத்துக் கிராணிகளும் கங்காணிகளும் இருந்தனர். அக்கங்காணியின் பிள்ளைகளும், திரும்பாதவரின் பிள்ளைகளும் ஒரே லயத்தில் தொடர்ந்து வாழவேண்டியிருந்தது. போருக்குப் பின் 1948 முதல் 1960 வரை அவசரகாலமும், தோட்டத் துண்டாடலும், குடியுரிமைச் சிக்கலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இளமையில் இவ்வுண்மையை எழுதுவோர் தம் அண்டை வீட்டாரையே குற்றக்கூண்டில் ஏற்றுவோராக இருந்திருப்பர். முதுமை, இழக்க வேண்டியவற்றைக் குறைத்துவிடுகிறது. ஆதலின் இங்குப் பேசப்படும் துணிவு வயதை மீறி வந்த துணிவன்று. வயது வழங்கிய துணிவு.

ஆசிரியரின் குரலும் நாவலாசிரியரின் குரலும்

ரெங்கசாமி ஜப்பானியர் ஆட்சியின்போது 12 முதல் 15 வயதுச் சிறுவர். அக்காலத்துத் தோட்டவாழ்வை 'புதியதோர் உலகம்' நாவலில் எழுதியபோது அவருக்கு 63 வயது. அதன்பின் சயாம் இருப்புப்பாதையை 'நினைவுச் சின்ன'த்திலும், அவசரகாலத்தை 'லங்காட் நதிக்கரை'யிலும், இந்திய தேசிய இராணுவத்தை 'இமயத் தியாக'த்திலும் அவர் எழுதினார். 1940களின் மலாயாத் தமிழர் வரலாற்றை ஏறத்தாழ முழுமையாகத் தொட்ட நாவல் வரிசை இது. இவ்வரிசை முழுவதும் அறுபதைக் கடந்த பின் எழுதப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

இதில் புதியது எது என்பதைப் பிரித்தறிதல் வேண்டும். பொருள் புதியதன்று; சிறுவயது முதல் அவரோடு இருந்தது. புதியது, அப்பொருள் வேண்டிய உழைப்பு. தன் நினைவைச் சொல்வதற்கு ஒருவருக்குத் தன்வரலாறு போதும். தான் போகாத காட்டையும், தான் நோயுறாத முகாமையும், தான் காணாத மரணத்தையும் எழுதுவோர் பிறரிடம் கேட்டறிய வேண்டியவராகிறார். வாழ்நாள் முழுவதும் விடை சொல்லிக்கொடுத்த ஆசிரியர் எழுபது வயதில் வினாக் கேட்பவராக மாறுதல் எளிய மாற்றமன்று. நம் சமூகத்தில் 'வாத்தியார்' என்னும் விளிக்குள் அடங்கிய மரியாதை முழுவதும், அறிந்தவர் என்னும் நம்பிக்கையின்மீது எழுந்தது. அம்மரியாதையைச் சற்றே கழற்றிவைத்தால்தான் நாவல் எழுதமுடியும்.

இம்மாற்றம் முழுமையாக நிகழ்ந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை. ரெங்கசாமியின் நாவல்களில் வரலாற்றுத் தகவல் கதையை முந்திச்செல்லும் இடங்கள் உண்டு. பாத்திரம் பேச வேண்டிய இடத்தில் ஆசிரியர் விளக்கம் தருகிறார். வாசகர் தாமே உணரவேண்டிய நீதி சொல்லில் வந்துவிடுகிறது. கரும்பலகையின் சாயல் இது. ஆயினும் கூலியும் அரிசியும், புண்ணும் மழையும், பிரிந்தவர் பெயரும் விவரிக்கப்படும் பக்கங்களில் அச்சாயல் மறைந்து, நேர்படச் சொல்லும் யதார்த்தம் மேலெழுகிறது. கற்பிக்கும் குரல் ஓய்ந்து, அறிய விரும்பும் குரல் ஒலிக்கும் இப்பக்கங்களே அவருடைய உண்மையான சாதனை. முதிய எழுத்தாளரின் துணிவை வயதுக்கணக்கில் தேடாமல் இத்தகைய பக்கங்களில் தேடுவதே முறை.

தலைப்புகள் உணர்த்துவன

சயாம்–பர்மா இருப்புப்பாதை 415 கிலோமீட்டர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அங்கு இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேற்பட்டோர். அவர்களுக்குக் காஞ்சனபுரி, சுங்காய், தன்பியூசயாட் ஆகிய இடங்களில் முறையாகப் பேணப்படும் கல்லறைகள் உள்ளன; ஆயிரக்கணக்கான கற்களில் பெயரும் படைப்பிரிவும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் தொகை இதனைப் போல் பல மடங்கு. ஏறத்தாழ 90,000 என்பது பலரும் சுட்டும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவருள் மிகப் பெரும்பான்மையோர் தமிழர். அவர்தம் பெயர்கள் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை.

இப்பின்னணியில் நோக்கினால் 'நினைவுச் சின்னம்' என்னும் தலைப்பு ஒரு முரண். இல்லாத ஒன்றின் பெயரை நாவல் தாங்கி நிற்கிறது. கல் நாட்டப்படாத இடத்தில் நூலே கல்லாகிறது. புண்ணியவானின் தலைப்பு இன்னும் ஒருபடி மேற்செல்கிறது. கையறுநிலை என்பது புறத்திணைத் துறை. பெரும்பாலும் மன்னரோ வள்ளலோ மாய்ந்தவிடத்து அவரைச் சார்ந்து வாழ்ந்தோர் இரங்கிப் பாடுவது. புறநானூற்றில் பாரிக்கும் அதியமானுக்கும் உரியதாக வரும் அத்துறையின் பெயரை, பெயர்ப்பட்டியலில் எண்ணாக மட்டுமே இருந்த பால்மரத் தொழிலாளிக்கு ஒரு நாவலாசிரியர் வழங்குகிறார். சிறுகதையாளராக அறியப்பட்டு, செலாஞ்சார் நிலத்திட்டத்தில் 1983இல் வெளிச்சத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்களின் கொத்தடிமை அவலத்தை 64 வயதில் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலாக்கிய ஒருவர், எழுபதைக் கடந்தபின் மரபின் மிக உயர்ந்த இரங்கல் வடிவத்தைக் கூலிகளின்பால் திருப்புவது துணிவன்றி வேறில்லை.

2023இல் காஞ்சனபுரியில் இத்தொழிலாளர் நினைவாகத் தமிழர் முயற்சியால் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. நாவல் முதலில் வந்தது. கல் பின்னர் வந்தது. 'நினைவுச் சின்ன'த்துக்கும் நடுகல்லுக்கும் இடையே 18 ஆண்டுகள். ஒன்றினால் மற்றொன்று விளைந்தது என்று நிறுவுதல் இங்கு நோக்கமன்று. எனினும் ஒரு சமூகம் நினைவுகூரத் தொடங்குமுன் யாரோ ஒருவர் தனியே அமர்ந்து நினைவுகூர்ந்திருக்கிறார்; அவர் முதியவராக இருந்தார் என்பது தற்செயலன்று.

ஒப்பீடு

தாமதம் என்பது மலேசியத் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. பர்மாவில் வளர்ந்த ஹெப்சிபா ஜேசுதாசன், போர்க்காலப் பர்மாவைப் பின்புலமாகக் கொண்ட 'மா-னீ' நாவலை 1982இல் வெளியிட்டபோது ஐம்பதைக் கடந்திருந்தார். கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976இல் வெளிவந்தபோது அவருக்கு வயது 53. பின்னர் முறையான கல்வி மிகக் குறைவாகவே பெற்ற அவர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகப் பணியாற்றத் துணிந்தார். இங்கிலாந்தின் பெனலோப்பி ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் முதல் நூலை 1975இல், 58 வயதில் வெளியிட்டு, 1979இல் புக்கர் பரிசு பெற்றார். போர்த்துகலின் ஹொசே சரமாகோ 1947இல் ஒரு நாவல் எழுதிப் பல்லாண்டு நாவலுலகில் மௌனம் காத்து, அறுபதாம் வயதை ஒட்டியே உலகக் கவனம் பெற்றார்.

எட்வர்ட் சயீத் தம் மறைவுக்குப் பின் 2006இல் வெளிவந்த நூலில் 'பிற்காலப் பாணி' என்னும் கருத்தாக்கத்தை விரித்துரைக்கிறார். பெருங்கலைஞரின் இறுதிப் படைப்புகள் அமைதியும் கனிவும் கொண்டனவாகவே இருக்கும் என்னும் எதிர்பார்ப்பை மறுத்து, தீராத முரண்களும் பிடிவாதமும் அவற்றில் வெளிப்படலாம் என்பது அவர் கருத்து. இக்கருத்தாக்கம் பயனுடையதே. ஆயினும் அதனை அப்படியே இங்குப் பொருத்துதல் இயலாது. பீத்தோவன் போன்றோரின் பிற்காலப் பாணி, நிறுவப்பட்ட முற்காலப் பாணி ஒன்றிலிருந்து விலகி நிற்பது. நம் எழுத்தாளர் பலர்க்கு விலகுவதற்கென முற்கால நாவற்பாணி ஒன்று வலுவாக உருப்பெற்றிருக்கவில்லை. ஆதலின் இவர்தம் முயற்சியைப் 'பிற்காலத் தொடக்கம்' என்று சுட்டுவதே பொருந்தும். இதில் முதிர்ச்சியும் பயிற்சியின்மையும் ஒரே பக்கத்தில் தங்குகின்றன. வாழ்க்கையை அறிந்த கை, வடிவத்தை இப்போதுதான் அறியத் தொடங்குகிறது. குறையும் நிறையும் பிணைந்து வருவதன் காரணம் இதுவே.

திறனாய்வின் கடமை

இத்தகைய நூல்களை நாம் இருவகையில் தட்டிக்கழித்து வருகிறோம். ஒன்று, மாலை அணிவித்தல். வெளியீட்டு மேடையில், 'இந்த வயதிலும் எழுதுகிறாரே' என்னும் வியப்பே மதிப்புரையாகிவிடுகிறது. அவ்வியப்பு உள்ளன்போடு கூறப்படுவதே. ஆயினும் அது நூலைத் திறந்து பார்ப்பதில்லை. மற்றொன்று, புறந்தள்ளுதல். 'ஓய்வுபெற்ற ஆசிரியரின் பொழுதுபோக்கு' என்று கூறி, மொழிப்புதுமையோ உத்திப்புதுமையோ இல்லாமையைச் சுட்டி, நூலை மூடிவிடுதல். இவ்விரண்டும் எழுத்தாளரின் வயதையே படிக்கின்றன, பிரதியைப் படிப்பதில்லை.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. எழுபது வயது எழுத்தாளரிடம் முப்பது வயது எழுத்தாளரிடம் பேசுவதைப் போலவே குறைகளை எடுத்துரைத்தல். அடுத்த நூல் எழுதுவார் என்னும் நம்பிக்கை உள்ளவரிடம் மட்டுமே குறை கூறப்படும். பெரியவர் மனம் நோகும் என்று குறையை மறைப்போர், இனி அவர் வளரமாட்டார் என்று உள்ளூர முடிவு கட்டியவராகிறார். 'புதியதோர் உலக'த்துக்குப் பின் ரெங்கசாமி தம் எழுத்தை விரிவுபடுத்தினார். 'செலாஞ்சார் அம்பா'ட்டுக்குப் பின் புண்ணியவான் இன்னும் அரிய களத்துக்குச் சென்றார். 1970களில் அறியப்பட்டு, நெடிய இடைவெளிக்குப் பின் மீண்டு வந்து 'மண் புழுக்கள்' எழுதிய சீ. முத்துசாமிக்கு 2017இல் தமிழகத்து விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. அறுபதுக்குப் பின்னும் எழுத்தாளர் வளர்கிறார் என்பதற்கு இவர்களே சான்று.

பல்கலைக்கழகங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. எழுத்துப் பட்டறைகளையும் போட்டிகளையும் மாணவர்க்கென்றே அமைத்துப் பழகிவிட்டோம். ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி, மருத்துவமனை உதவியாளர், பால்மரம் சீவிய மூதாட்டி ஆகியோர் எழுதவோ சொல்லிப் பதிவுசெய்யவோ அமரக்கூடிய இருக்கை நம் வகுப்பறைகளில் போடப்படுவதில்லை.

முடிவுரை

தமிழ் நாவலில் கெடாவும் சிலாங்கூரும் பெற்றுள்ள இடத்தைக் கெமாஸ் இன்னும் பெறவில்லை. 1942 ஜனவரி 14 அன்று கெமிஞ்சே பாலத்தருகே ஆஸ்திரேலியப் படையினர் ஜப்பானியரைப் பதுங்கியிருந்து தாக்கினர்; அந்நிகழ்வுக்கு நினைவிடமும் நூல்களும் உண்டு. அப்பாலத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் அன்று காலை பிரட்டுக்கு நின்றவர்களின் கதையைச் சொல்லும் நாவல் வேண்டும். சுங்கை கெலாமா, ஆயர் கூனிங் போன்ற பகுதிகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் வெறுமையாயின, குடும்பங்கள் சிரம்பானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் பெயர்ந்தன. கெமாஸ் வரை இரட்டைத் தண்டவாளம் வந்துவிட்டது, மின்தொடர்வண்டியும் ஓடுகிறது. போர்க்காலத்தில் பத்து வயதினராக இருந்தோர் இன்று தொண்ணூறைக் கடந்துவிட்டனர். எஞ்சியோர் மிகச் சிலர். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இருக்கின்றனர்.

எழுதவேண்டியவர்கள் இவர்களே. இளையோர் எழுதட்டும் என்று இவர்கள் ஒதுங்கினால், இளையோர்க்கு எழுத ஒன்றும் மிஞ்சாது. முன்பு எழுதியதில்லை என்பது தடையாகாது என்பதற்கு முன்னோடிகள் உள்ளனர். வடிவம் முதலில் வசப்படாமல் போகலாம். முதல் நூலில் கரும்பலகையின் சாயல் படியலாம். அதனைச் சுட்டிக்காட்டும் நேர்மை திறனாய்வுக்கு இருக்குமாயின், இரண்டாவது நூல் எழுதும் துணிவு அவர்களுக்கும் இருக்கும்.